'ராஜா சின்ன ரோஜா' நம்ம சேலத்துத் தயாரிப்பு அல்ல

ரஜினியும் குழந்தைகளும் கார்ட்டூன் விலங்குகளோடு பாடி ஆடும் 'ராஜா சின்ன ரோஜா', சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம் என்று ஒரு நண்பர் தன் பதிவில் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியில்லை நண்பரே. 1989-இல் வந்த அந்தப் படத்தைத் தயாரித்தது சென்னை ஏவி.எம். நிறுவனம். இயக்கியவர் எஸ்.பி. முத்துராமன்.

சரிபார்ப்பது சுலபம். படத்தை முதலிலிருந்து ஓட்டுங்கள், பாட்டுக்குத் தாவ வேண்டாம். தொடக்கத்திலேயே ஏவி.எம். சின்னம் வரும். அப்புறம் எழுத்து ஓடும்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தயாரிப்பாளர், இயக்குநர் பெயர்கள் தெரியும். தணிக்கைச் சான்றிதழ் வெட்டப்படாத பிரதி கிடைத்தால் ஆண்டையும் அதிலேயே பார்க்கலாம்.

சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் அந்தப் பழைய நுழைவு வளைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் பெருமைதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தந்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் 1963-இலேயே காலமாகிவிட்டார். 'ராஜா சின்ன ரோஜா' வந்தது அதற்கு 26 ஆண்டுகள் கழித்து. முடிந்தால் பதிவில் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.