சின்க்ளேரின் 190 கோல்கள் பற்றி ஒரு திருத்தம்

'கனடா கால்பந்து வீராங்கனை கிறிஸ்டின் சின்க்ளேரின் 190 சர்வதேச கோல்களும் சின்ன அணிகளுக்கு எதிராக அடித்தவை, பெரிய ஆட்டம் என்றால் ஆளைக் காணோம்' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை எப்போதுமே வம்புதான். 2020 ஜனவரியில் அமெரிக்க வீராங்கனை அபி வாம்பாக்கின் 184 கோல் சாதனையை அவர் முறியடித்தது செயின்ட் கிட்ஸ் நெவிஸுக்கு எதிராக. கனடா 11-0 என வென்றது. அதை மறுக்கவில்லை.

ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியை எங்கே ஒளித்து வைத்தீர்கள்? எதிரே அமெரிக்கா, இடம் ஓல்ட் டிராஃபோர்ட். சின்க்ளேர் மூன்று கோல் அடித்தார். மூன்று முறையும் கனடா முன்னிலை பெற்றது. மூன்று முறையும் அமெரிக்கா சமன் செய்தது. கடைசி இரண்டும் தலையால் முட்டியவை, 67, 73ஆவது நிமிடங்களில். கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் அலெக்ஸ் மோர்கன் அடித்த கோலால் 4-3 எனக் கனடா தோற்றது. அது சின்க்ளேரின் குற்றமா? அந்த ஒலிம்பிக்கில் ஆறு கோல்களுடன் அதிக கோல் அடித்தவரும் அவரே.

டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியிலும் ஸ்வீடன் வீராங்கனை கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதிக்குள் அவரை வீழ்த்தியதால்தான் கனடாவுக்குப் பெனால்டி கிடைத்தது. சக வீராங்கனை ஃபிளெமிங் அதைக் கோலாக்கினார். பிறகு பெனால்டி ஷூட் அவுட்டில் கனடாவுக்குத் தங்கம்.

உலகக் கோப்பையை அவர் வென்றதில்லை. குறை சொல்வதென்றால் அதைச் சொல்லுங்கள்.