பிசி கார்டும் எக்ஸ்பிரஸ்கார்டும் ஒன்றல்ல

பிசி கார்டும் எக்ஸ்பிரஸ்கார்டும் லேப்டாப்பில் கூடுதல் வசதி சேர்க்க, பக்கவாட்டு ஸ்லாட்டில் செருகும் கார்டுகள். "லேப்டாப் பக்கவாட்டில் உள்ள ஸ்லாட் எல்லாம் ஒன்றுதான், 54 மி.மீ. அகலம் இருந்தால் எந்தக் கார்டும் வேலை செய்யும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பிப் பழைய கார்டு வாங்கினால் காசு தண்டம்.

அகலம் ஒன்றாக இருக்கலாம், உள்ளே ஓடுவது வேறு. பிசி கார்டில் 68 துளைகள், இரண்டு வரிசையாக. அதில் 16 பிட் பழைய வகை ஒன்று, 32 பிட் கார்டுபஸ் இன்னொன்று. கார்டுபஸ் கார்டின் முனையில் சின்னச் சின்ன மேடுகளோடு பொன்னிறத் தகடு ஒன்று இருக்கும், பார்த்தாலே தெரியும். அது பிசிஐ வழியில், அதாவது கணினிக்குள் தகவல் ஓடும் பழைய பாதையில், பேசுகிறது. 2003இல் வந்த எக்ஸ்பிரஸ்கார்டில் 26 தொடுமுனைகள்தான், அது பேசுவது பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிசிஐக்குப் பின் வந்த புதிய பாதை) அல்லது யூஎஸ்பி 2.0. அதனால் பிசி கார்டை இதில் செருகவே முடியாது. வலுக்கட்டாயமாகத் தள்ளினால் ஸ்லாட்தான் போகும்.

எக்ஸ்பிரஸ்கார்டிலேயே 34 மி.மீ., 54 மி.மீ. என்று இரண்டு அகலம் உண்டு. 34 கார்டு 54 ஸ்லாட்டில் போகும். 54 கார்டு, எல் வடிவில் இருப்பது, 34 ஸ்லாட்டில் போகாது.

அப்புறம், யூஎஸ்பி 3.0 துளை தரும் எக்ஸ்பிரஸ்கார்டு போட்டால் "முழு வேகம்" கிடைக்கும் என்று சொல்வதும் சரியில்லை. அந்தக் காலத்து லேப்டாப்பில் ஸ்லாட்டுக்குக் கிடைப்பது நொடிக்கு 2.5 கிகாபிட் உள்ள ஒரே பாதை, யூஎஸ்பி 3.0 கேட்பது 5. பழைய 2.0ஐ விட நிச்சயம் வேகம்தான், ஆனால் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் போதாமல் போகலாம். பல கார்டுகளில் தனி மின்துளை வைத்திருப்பது அதனால்தான்.

வாங்கும் முன் உங்கள் லேப்டாப்பில் இருப்பது எந்த ஸ்லாட் என்று, மாடல் எண்ணைப் போட்டுத் தேடி சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.