செயின்சா கால்சட்டை: ‘வெட்டே படாது’ என்பது தவறு

மரம் வெட்டும் சங்கிலி ரம்பத்தை (செயின்சா) இயக்குவோருக்கான பாதுகாப்பு உடை பற்றி, ‘செயின்சா கால்சட்டை போட்டால் ரம்பம் காலை வெட்டவே வெட்டாது’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. சங்கிலி வெளித்துணியைக் கிழித்ததும், உள்ளிருக்கும் நீண்ட இழைகள் இழுபட்டு வந்து சங்கிலியை ஓட்டும் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு சங்கிலியை நிறுத்தும். அவ்வளவுதான். அதற்கும் வரம்பு உண்டு: இந்தக் கால்சட்டைகளில் வகுப்பு 1 சோதிக்கப்படுவது நொடிக்கு 20 மீட்டர் சங்கிலி வேகத்தில், வகுப்பு 2 என்றால் 24, வகுப்பு 3 என்றால் 28. முழு வேகத்தில் ஓடும் ரம்பம் இதைத் தாண்டக்கூடும். முறுக்குவிசை மிகுந்த மின் ரம்பமோ, இழை சிக்கினாலும் சுழலலாம்.

எந்தப் பக்கம் காக்கும் என்பதிலும் வகைகள் உண்டு: ஏ வகை முக்கியமாக முன்புறத்தைத்தான் காக்கும். மரமேறி வெட்டுவோருக்குச் சுற்றிலும் இழையுள்ள சி வகையே சரி. வெட்டுப்பட்ட கால்சட்டையைத் தைத்துப் போடுவது இன்னும் மோசம் (பார்க்க என்னவோ புதிதுபோலத்தான் இருக்கும்): தையல் இழைகளை இறுக்கிப் பிடித்துவிடும், அவை வெளிவராது. உள் இழை அறுந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.