கப்பலில் இருப்பவர்களின் அறம்

ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சியில் ஒருவர் 'ஸ்டார் ட்ரெக்' பற்றிப் பேசிய கூட்டத்தில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். பேச வந்தவரோடு எனக்குப் பகையில்லை. ஆனால், கேள்வி கேட்க எழுந்த என்னை, "இது விஞ்ஞானப் புனைகதை பற்றிய அமர்வு, சொந்தக் கதையை இதற்குள் கொண்டுவராதீர்கள்" என்று இருத்திவிட்டதைத்தான் இன்னும் செமிக்க முடியவில்லை.

'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் முதன்மை விதி, வேற்றுக் கிரகத்தாரின் இயல்பான வளர்ச்சியில் விண்கப்பலில் வருவோர் தலையிடக்கூடாது என்கிறது. வியட்நாமில் அமெரிக்கா போரிட்டுக்கொண்டிருந்த 1960களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இப்படியொரு விதியைப் பேசியது சின்ன விடயமல்ல. பேச்சாளரோ அதையே அறத்தின் உச்சம் என்றார். அங்கேதான் எனக்கு உதைக்கிறது. தலையிடுவதா, விடுவதா என்று கப்பலில் இருப்பவர்களே கூடித் தீர்மானிக்கிறார்கள். கீழே இருப்பவர்களை ஒருவரும் கேட்பதில்லை.

போர் நெருங்கிவந்த 2008 செப்டெம்பரில், இலங்கை அரசாங்கத்தின் உத்தரவுப்படி ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, அலுவலக வாசலை மறித்து "போகாதையுங்கோ" என்று மன்றாடிய சனத்துக்குள் என் அம்மாவும் நின்றார். வாகனங்கள் போய்விட்டன. ஐ.நா. தன் பொறுப்பில் தவறியதென்று அதன் உள்ளக மீளாய்வே 2012இல் எழுதியது. சொந்தக் கதையாம்!

"அப்படியானால் தலையிடச் சொல்கிறீரா?" என்று சிலர் வருவீர்கள். 1987இல் வந்த இந்திய அமைதிப்படையையும் கண்ட சனம் நாங்கள். அந்தப் பாடத்தை எங்களுக்கு எவரும் நடத்தத் தேவையில்லை. போருக்குப் பின் வந்த வீட்டுத்திட்டத்தில், பெரியம்மாவின் குசினியை எங்கே வைப்பதென்று அவரிடமே கேட்காமல் வீட்டுக்குள் ஒரு மூலையில் கட்டிக் கொடுத்தார்கள். விறகுப் புகை வீடு முழுக்கச் சுழன்றதில், இப்போது அந்த அறையில் நெல்மூட்டைகளும் ஒரு பழைய சைக்கிளும் இருக்கின்றன. பெரியம்மா வளவின் பின்புறம் கிடுகால் மறைத்து அடுப்பு மூட்டுகிறார். பயனாளி ஒத்துழைக்கவில்லை என்று எங்கேனும் ஓர் அறிக்கையில் எழுதியிருப்பார்கள். போனவர்களும் கேட்கவில்லை, வந்தவர்களும் கேட்கவில்லை என்பதைத்தான் சொல்ல எழுந்தேன்.

பொழுதுபோக்குத் தொடருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்போருக்குப் பதில் எழுத நேரமில்லை.

பேச்சாளர் சிலாகித்த, பின்னாளில் வந்த 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் 1989ஆம் ஆண்டு அத்தியாயத்தை நானும் பார்த்திருக்கிறேன். அழிந்துகொண்டிருக்கும் கிரகத்திலிருந்து ஒரு சிறுமி வானொலியில் அழைக்கிறாள். அதிகாரிகள் கப்பலுக்குள் இருந்து விதியைப் பற்றி நீளமாக விவாதிக்கிறார்கள். அவளுடைய குரலை நேரே கேட்ட பிறகுதான் கப்டனின் மனம் இளகுகிறது, கிரகம் காப்பாற்றப்படுகிறது. பேச்சாளர் அத்தோடு நிறுத்திக் கைதட்டலும் வாங்கினார். அதற்குப் பின் அந்தப் பிள்ளையின் நினைவை மருத்துவர் அழித்துவிடுகிறார், அதுவும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அந்தப் பகுதியைச் சொல்லாமல் விட்டது நேரம் போதாமலா, அல்லது நினைவு அழிக்கப்படாத சனம் முன்வரிசையில் இருந்ததாலா என்று அவரே விளக்கட்டும். இந்த முறை என்னை இருத்தாமல் விளக்கினால் நல்லது.