கீழாநெல்லியும் ஹெபடைடிஸ் பி-யும்: ஒரு சின்னத் திருத்தம்

கீழாநெல்லியை 30 நாள் சாப்பிட்டால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பைவிட்டே போய்விடும், லான்செட் மருத்துவ இதழே அதை நிரூபித்துவிட்டது என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்.

அண்ணே, அந்தக் கட்டுரை உண்மைதான். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் எழுதியது. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அந்தக் கணக்கு மருந்தை நிறுத்தி 15–20 நாளில் பார்த்தது; அதற்குப் பிறகு ஒன்பது மாதம் வரை கவனித்தது சிலரை மட்டும்தான். பிறகு மற்றவர்கள் செய்த பல சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றது. 'காக்ரேன்' (Cochrane), 'ஃபில்லாந்தஸ்' (Phyllanthus, கீழாநெல்லியின் தாவரவியல் பெயர்) என்று தேடினால் சுருக்கம் இலவசமாகவே கிடைக்கும்.

யாங்கோனில் எங்கள் அம்மாவும் மஞ்சள் காமாலை வந்தால், மழைக்குக் கொல்லையில் முளைக்கும் கீழாநெல்லியைப் பிடுங்கி, அம்மியில் அரைத்து மோரில் கலக்கித் தருவார். கண் மஞ்சள் இறங்கத்தான் செய்தது. பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால் பெரும்பாலும் அது தானாகவே இறங்கிவிடும். பேர் மட்டும் மோருக்கு! கிருமி போயிற்றா என்பதைக் கண் சொல்லாது. ஆறு மாதம் கழித்து எச்பிஎஸ்ஏஜி (HBsAg, அந்தக் கிருமியின் அடையாளம்) ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். அதுவரை டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.