செம்பனைக்குள் கரையும் 4ஜி
மலேசியாவில் 4ஜி எட்டாத குடியிருப்பே இனி அரிது என்கிறது ஒரு கட்டுரை. ஆனால் சிக்னல் எட்டும் இடங்களைக் குறிக்கும் வரைபடம் காட்டுவது வெட்டவெளிச் சிக்னலை. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் ஈரச் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஓலையும் தகரக் கூரையும் 1800, 2600 மெகாஹெர்ட்ஸ் அலைகளை விழுங்கிவிடும். 900 மெகாஹெர்ட்ஸ் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ரவுட்டரில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் வலிமையின் அளவு) -110 டிபிஎம்முக்கும் கீழே போனால் அதை ஜன்னலோரம் நகர்த்துவதெல்லாம் வீண் வேலை. ரவுட்டரை பேண்ட் 8-இல், அதாவது அந்த 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்கும்படி பூட்டி, வெளி ஆண்டெனாவைக் கூரைக்கு மேலே, கோபுரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். வேகம் சுமார்தான், ஆனால் அறுபடாது. மெல்லிய கேபிளைப் பத்து மீட்டருக்கு இழுத்தால் ஆண்டெனா தந்த லாபம் அதிலேயே போய்விடும். 'புதுப் போன் வாங்கினால் தீரும்' என்பவர்களுக்கு: 2021 இறுதியில் 3ஜி மூடியபின் வோல்டிஇ (4ஜி வழியே பேசும் வசதி) இல்லாத போனில் அழைப்பு 2ஜிக்கு இறங்குகிறது, புதுப் போன் அதைத்தான் சரிசெய்யும், ஓலை மறைப்பை அல்ல.