“திருட்டுப் பரம்பரை” என்று எழுதுவதற்கு முன்

கிரிக்கெட்டில் ஆஸ்திரேலியாவிடம் நாம் தோற்கும் ஒவ்வொரு முறையும் கமெண்டில் யாராவது ஒருவர் “திருட்டுப் பரம்பரைதானே” என்று எழுதிவிடுகிறார், பிரிட்டன் கப்பலேற்றி அனுப்பிய கைதிகளின் வாரிசுகள் என்ற அர்த்தத்தில். அதற்கு வரிசையாகச் சிரிப்பு விழுகிறது. எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஜான் ஹட்சன் என்று ஒரு பையன். அப்பா அம்மா இல்லை, லண்டனில் புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி சுரண்டுகிற வேலை. 1783 டிசம்பரில் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியபோது அவனுக்கு வயது 9. ஒரு வீட்டுக்குள் புகுந்து சட்டை, பட்டுக் காலுறை, கைத்துப்பாக்கி எல்லாம் எடுத்தான் என்று வழக்கு. மேசையில் பதிந்திருந்த சின்னக் கால்விரல் தடத்தை வீட்டுக்காரர் ஒரு காகிதத்தில் எடுத்து வைத்திருந்தார், அதுவும் சாட்சி. தீர்ப்பு, ஏழு வருடம் தீவாந்தரம், அதாவது கடல் கடந்து நாடுகடத்தல். (நமக்கும் தெரிந்த வார்த்தைதான். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு 1802-இல் சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் கூட இருந்தவர்களையும் பினாங்குக்குக் கப்பலேற்றினார்களே, அதே தண்டனை.)

அதற்கு முன்பெல்லாம் பிரிட்டனில் கைதிகளை அமெரிக்காவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அங்கே விடுதலைப் போர் வந்து கதவு அடைபட்டதும், தேம்ஸ் ஆற்றில் பழைய கப்பல்களையே சிறையாக்கி அடைத்தார்கள், அதுவும் நிரம்பி வழிந்தது. அப்புறம்தான் ஆஸ்திரேலியா. 1787 மே 13-இல் போர்ட்ஸ்மவுத்திலிருந்து கிளம்பிய 11 கப்பல்களில் ஒன்றில் ஹட்சனும் இருந்தான். 1788 ஜனவரி 26-இல் சிட்னியில் கொடி ஏற்றினார்கள். அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருடமே பெரியம்மை வந்து அவர்களில் ஏராளமானோர் செத்தார்கள்.

சரி, திருட்டுக்கு வருகிறேன். 1790-இல் போய்ச் சேர்ந்த இரண்டாவது கப்பல் கூட்டத்தை கேம்டன், கால்வெர்ட் அண்ட் கிங் என்ற கம்பெனிக்குக் காண்டிராக்ட் விட்டார்கள். அடிமை வியாபாரத்தில் ஊறிய கம்பெனி. ஒரு கைதியை ஏற்றினால் தலைக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ். கவனியுங்கள், ஏற்றினால். உயிரோடு இறக்கினாலும் பிணமாகக் கடலில் போட்டாலும் பணம் ஒன்றுதான், அதுவும் சாப்பாடு மிச்சமானால் கரையில் விற்றுக் காசாக்கலாம் என்றால் கம்பெனிக்காரன் எதற்காகச் சோறு போடப் போகிறான்? சுமார் ஆயிரம் பேர் ஏறியதில் கால்வாசிப் பேர் செத்தார்கள். நெப்டியூன் என்ற ஒரு கப்பலில் மட்டும் ஏறக்குறைய 500 பேரில் 158 பேர். பக்கத்தில் செத்துக் கிடப்பவனைப் பற்றி வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள், அவன் பங்கு உணவு இன்னும் ரெண்டு நாளைக்குக் கிடைக்குமே என்று. இதை எப்போது படித்தாலும் எனக்கு மேற்கொண்டு படிக்க முடிவதில்லை.

நெப்டியூனின் கேப்டன் டொனால்ட் டிரெயில் மீது 1792-இல் கொலை வழக்கு நடந்தது. அதே ஓல்டு பெய்லியில்தான். விடுதலை செய்துவிட்டார்கள்.

ஹட்சனை அதற்குள் சிட்னியிலிருந்து பசிபிக் கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவுக்கு மாற்றியிருந்தார்கள். 1791 பிப்ரவரியில், இரவு ஒன்பது மணிக்கு மேல் குடிசைக்கு வெளியே நின்றான் என்று அவனுக்கு 50 கசையடி கொடுத்தார்கள்.